ஒன்று புள்ளி ஆறு

எட்டு அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. எட்டரைக்கு மழைமானியைத் திறக்க வேண்டும், எட்டரைக்கு மேல் கூப்பிடுவதாகக் கோயமுத்தூர்ப் பெண் சொல்லியிருந்தாள், எட்டரைக்கு மேல் என்றால் எட்டு முப்பத்தொன்றா ஒன்பதேகாலா என்று கேட்டு வைத்திருக்கலாம், கேட்கவில்லை, வழக்கம்போலக் கேட்க வேண்டியது போனை வைத்த பிறகுதான் நாக்கு நுனிக்கு வந்தது. ஆறுச்சாமி மேசைமேல் இருந்த நோட்டுகளை இன்னொரு தரம் தட்டி ஒழுங்கு செய்தார். வருடத்துக்கு ஒன்று, ஐம்பத்தொரு நோட்டு, அடுக்குக்குப் பதினேழாக மூன்று அடுக்கு. முதல் முப்பத்துமூன்றும் அணை அலுவலகத்தில் மழையளந்த காலத்துப் பதிவேடுகளைப் பார்த்து அவரே எழுதி எடுத்த நகல், மீதி ஓய்வுபெற்ற பிறகு வீட்டு முற்றத்தில் சொந்தமாக ஒரு மழைமானி நட்டு அளந்தவை. அணைமேல் இப்போது கம்பத்தில் ஒரு பெட்டி நிற்கிறது, அது தானே அளந்து தானே எங்கேயோ அனுப்பிக்கொள்கிறது, அதற்கு எட்டாம் வகுப்புப் படிப்புகூடத் தேவையில்லை. அந்தப் பெண்ணின் பெயர் அபிநயா. நேற்று இதே நேரத்துக்குக் கூப்பிட்டு ஒரே மூச்சில் சொன்னாள்: “ஐயா, நாங்க ஒன்பது பேருங்க, ரெண்டு வண்டி, பாறை ஏறுற குரூப்புங்க. சேலம் பக்கம் ஒண்ணு, திண்டுக்கல் பக்கம் ஒண்ணு, கடைசியா உங்க ஊரு ஊமைப்பாறை. ஜனவரி இருபத்தி நாலு, அஞ்சு, ஆறு மூணு நாளும் லீவு வருது. அப்ப வந்தா மழை இருக்குங்களா? உங்ககிட்டதான் கேக்கோணும்னு வின்சென்ட் அண்ணா சொன்னாரு.” வின்சென்ட், இருபது வருடத்துக்கு முன்னால் இதே பாறைக்கு நாள் கேட்டு வந்தவன். மழை இருக்குங்களா. அதே வாரம், அதே கேள்வி, அனுப்பியவனும் அதே ஆள். “நாளைக்குச் சொல்றனுங்க” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இருபது வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா, சரியாகச் சொல்லிவிட மாட்டோமா என்று காத்திருந்தவர், கேட்டபோது ஒரு நாள் தவணை வாங்கினார்.

கணக்கு என்னவோ தயாராகத்தான் இருந்தது. ஒரு வருடத்தில் அந்தப் பாறைமேல் மனிதன் கை வைக்கக்கூடிய நாள் எத்தனை என்று அவர் போட்ட கணக்கை வேறு யாரும் போட்டிருக்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை பேச்சே வேண்டாம், பாறை கிடக்கட்டும், அங்கே போகிற மலைச்சாலையில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வருடம் தவறாமல் சரியும், வண்டி மேலே போனால் கீழே வருவது நிச்சயமில்லை. மார்கழியில் மழை நிற்கும், ஆனால் பத்து மணி வரை மூடுபனி, பாறை பனிக்கட்டி மாதிரி இருக்கும், பிடித்த விரல் பிடித்திருப்பதே தெரியாது என்று வின்சென்ட்தான் ஒருமுறை சொன்னான். பங்குனியிலிருந்து வைகாசி வரை பகலெல்லாம் தோசைக்கல். ஆனியிலிருந்து புரட்டாசி வரை மேற்குக் காற்று, மழை அதிகம் இல்லாவிட்டாலும் சாரல் நாள் முழுக்க விசிறும். மீதி தையும் மாசியும். மாசி ஆரம்பித்துவிட்டால் மலைத்தேனீ வந்து பாறையின் நெற்றியில் கூடு கட்டும், காட்டுத்தீக்குப் பயந்து காட்டிலாகா தடுப்புக் கட்டையை இறக்கிவிடும், பிப்ரவரி பதினைந்துக்குப் பிறகு ஆளை விடுவதில்லை. ஆக, தை பிறந்ததிலிருந்து கட்டை இறங்கும் வரை, ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் எந்த ஏழு நாள் என்பதுதான் கேள்வி, ஏழு நாளைச் சொல்ல ஐம்பத்தொரு வருடம். சேலத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் அவரிடம் கணக்கு இல்லை. இல்லை என்று சொல்லிவிட வேண்டும், அதை முதலில் சொல்ல வேண்டும், தெரியாததைத் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டால் தெரிந்ததைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும். “என்னுங்க, இட்லி ஆறுதுங்க” என்றாள் உள்ளேயிருந்து தெய்வானை. வருகிறேன் என்றார், எழவில்லை. “நேத்துப் பொழுதுக்கும் எண்ணியாச்சு, இன்னைக்கும் எண்ணறீங்க. பேஞ்ச மழை எங்கீங்க ஓடிப்போகுது? அதுதான் நோட்டுக்குள்ள படுத்துக் கெடக்குதே.” ஓடித்தான் போயிருந்தது. சரியாகப் பதினான்கு மழை ஓடிப்போயிருந்தது, அவர் கண் முன்னாலேயே.

மழை நாள் என்று ஒரு சொல். அலுவலகத்துக்கு அவர் போன முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்தது: இரண்டு புள்ளி ஐந்து மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால் அது மழை நாள், தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போடு. இரண்டு புள்ளி நான்கு பெய்தால் வட்டம் கிடையாது, அளவை மட்டும் எழுது. நனைந்தவன் நனைந்தவன்தான், துணி ஈரம் ஈரம்தான், ஆனாலும் அந்த நாள் மழை நாள் இல்லை. இந்தச் சட்டம் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஊரில் ஆளுக்கு ஆள் நேற்று நல்ல மழை, மழையே இல்லை, சும்மா நாலு துளி என்று வாய்க்கு வந்ததைப் பேசும்போது, தன்னிடம் மட்டும் கோடு போட்டது போல ஓர் இடம் இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் மழை இல்லை. பேச்சு வராதவனுக்கு அது பெரிய ஆறுதல். இரண்டாயிரத்து ஐந்து டிசம்பரில் வின்சென்ட் மோட்டார் பைக்கில் வந்து ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி அலுவலகத்தில் நின்றான். பம்பு தயாரிக்கும் கம்பெனியில் வேலை, முப்பது வயதுகூட இருக்காது, பாறையைப் பற்றிப் பேசும்போது காற்றில் விரல்களை மடக்கி மடக்கிப் பிடித்துக் காட்டுவான். “ஜனவரி இருபத்தாறு லீவுங்க, வெள்ளிக்கிழமை நான் லீவு போட்டுக்குவேன். அந்த வாரம் மழை இருக்குங்களா?” அலுவலகப் பொறியாளர் ஜே.ஈ. சார் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். “எங்க ஆறுச்சாமியக் கேளுங்க, அவரு நோட்டு பேசும்” என்றார். நோட்டு பேசும் என்றால் அவர் பேச மாட்டார் என்று அர்த்தம், எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். முப்பத்தொரு ஜனவரிகளைப் புரட்டினார், இருபத்தொன்று முதல் இருபத்தேழு வரை, இருநூற்றுப் பதினேழு நாள், விரல் சிவப்பு வட்டத்தைத் தேடிக்கொண்டே போயிற்று. ஒன்றுகூட இல்லை. “அந்த வாரத்துல மழை நாளே இல்லீங்க” என்றார். பொய் இல்லை. இன்றைக்கு யார் வந்து சரிபார்த்தாலும் அந்த வாக்கியத்தில் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது, வட்டமில்லாத தேதிகளுக்கு எதிரே பூஜ்யம் புள்ளி எட்டு, ஒன்று புள்ளி இரண்டு, இரண்டு, இரண்டு புள்ளி ஒன்று என்று அவர் கையெழுத்திலேயே எழுதியிருந்தது, விரல் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனது. தூறலெல்லாம் வேற கணக்குங்க என்று ஒரு வார்த்தை. சொல்ல வாயெடுப்பதற்குள் ஜே.ஈ. “பாத்தீங்களா, எப்படி ஆணியடிச்ச மாதிரி சொல்றாரு” என்றார், வின்சென்ட் கையைப் பிடித்துக் குலுக்கினான், அந்தக் கை சொரசொரவென்று உப்புத்தாள் போல இருந்தது. பாராட்டு காதில் இருக்கும்போது திருத்தம் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். அது இருந்திருந்தால் அவர் எப்போதோ ஜே.ஈ. ஆகியிருப்பார் என்று தெய்வானை சொல்லுவாள், வேறு ஏதோ விஷயத்துக்குச் சொன்னது அது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. ஆனால் ஜனவரி இருபத்தேழு இருக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் கொடியிறக்கி முடித்த கொஞ்ச நேரத்தில் தூற ஆரம்பித்து அரை மணி தூறி நின்றிருந்தது. காலை எட்டரைக்கு வேலிக்குள் போய் மழைமானியைத் திறந்து கண்ணாடி கிளாஸில் ஊற்றினார். கிளாஸைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்துத்தான் கோட்டைப் பார்க்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் கூடும், கீழிருந்து பார்த்தால் குறையும். ஒன்று புள்ளி ஆறு. வட்டம் வேண்டாம். அப்போது அணைச் சாலையில் ஜீப் வந்தது. முன்சீட்டில் வின்சென்ட், பின்னால் மூன்று பேர், கயிறு மூட்டை. சாலைக்கும் வேலிக்கும் இருபது அடி. ஜீப் வேகம் குறைந்தது, குறைந்தது, அதை அவர் இல்லை என்று சொல்ல முடியாது, நின்றுவிடுவது போலக்கூடக் குறைந்தது. வின்சென்ட் தலையை வெளியே நீட்டி, “ஐயா, சொன்ன மாதிரியே மழை நாளே இல்ல!” என்று கையை ஆட்டினான். கையில் ஒன்று புள்ளி ஆறு இருந்தது. அந்தப் பாறையின் நடுவில் கறுப்பாக ஒரு பாசிப்பட்டை இறங்குவதும், வெயில் பட்டால் மற்ற இடமெல்லாம் ஒரு மணி நேரத்தில் காய்ந்து சொரசொரப்பதும், அந்தப் பட்டை மட்டும் இரண்டு நாள் சோப்பு மாதிரி கிடப்பதும் அவருக்குத் தெரியும், ஆடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும், கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. அவர் கையைத் தூக்கினார். கிளாஸ் இருந்த கை. இங்கேதான் இருபது வருடமாக மனம் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, கிராமபோன் ஊசி ஒரே பள்ளத்தில் விழுந்த மாதிரி. எதற்குத் தூக்கினார்? இன்னொரு தரம் அளவைப் பார்க்கவா? பார்த்தாயிற்று, எழுதக்கூடச் செய்தாயிற்று. தண்ணீரைக் காட்டி நிறுத்துங்கள் என்று சொல்லவா? அப்படியென்றால் வாய் ஏன் திறக்கவில்லை, இருபது அடிதானே, கால் ஏன் நகரவில்லை? எத்தனையோ முறை அந்தக் கையைக் காட்டுகிற கையாக மாற்றிப் பார்த்திருக்கிறார், கொஞ்சம் முன்னால் நீட்டி, கிளாஸைக் கொஞ்சம் சாய்த்து, விரலால் தட்டி. ஒரு சில நாள் அதை நம்பியும் இருக்கிறார். ஆனால் கை ஞாபகம் வைத்திருக்கிறது. கை இடதும் வலதுமாக இரண்டு தரம் ஆடியது, தண்ணீர் தளும்பி மணிக்கட்டில் சொட்டியது, காட்டுகிறவன் தண்ணீரைச் சிந்த மாட்டான். எதிரில் ஒருவன் உரக்கக் கூப்பிட்டுக் கையாட்டினால் திருப்பி ஆட்டாமல் இருக்கக் கூச்சப்படுகிற ஒருவன், கையை ஆட்டினான். ஜீப் போனது. பத்தேமுக்காலுக்கு அணை ஆஸ்பத்திரி வண்டி அதே சாலையில் சத்தம் போட்டுக்கொண்டு போனது.

பாசிப்பட்டையில் வழுக்கி வின்சென்ட் விழுந்தது முப்பது அடி. கணுக்கால் நொறுங்கி, இடுப்பு எலும்பு விலகி. உயிர் போகவில்லை. இந்த ‘உயிர் போகவில்லை’யைத்தான் ஊரெல்லாம் நல்ல செய்தியாகச் சொன்னார்கள். எட்டாம் நாள் அவர் ஆறு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் போனார். வார்டு வாசலில் நின்றார். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு, பதினான்கு கட்டில், ஜன்னலோரம் நான்காவது கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியிருந்தது, ஓர் அம்மா கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார், அவன் ஏதோ சொல்ல அந்த அம்மா கஞ்சிக் கரண்டியாலேயே அவன் தோளில் செல்லமாக அடித்தார். சிரிக்கிறான். போய் என்ன சொல்வது, மழை நாள் என்றால் இரண்டு புள்ளி ஐந்துக்கு மேல் என்றா? பதினான்கு கட்டிலையும் இரண்டு தரம் எண்ணிவிட்டுத் திரும்பிவிட்டார். பஸ்ஸில் இறங்கி வீடு வந்ததும் தெய்வானை பையைப் பார்த்தாள். “ஏனுங்க, சாத்துக்குடியும் உங்ககூடவே டவுனு பாத்துட்டு வந்துருச்சா?” பார்வை நேரம் முடிந்துவிட்டது என்றார். அவள் உரித்து அவருக்கே கொடுத்தாள், மூன்று நாளைக்கு, தினம் இரண்டு, தோல் கூட ஒட்டாமல் வெள்ளை நாரையெல்லாம் எடுத்து. அதை விழுங்கியதுதான் அவர் அனுபவித்த தண்டனை என்று சொன்னால் சிரிப்பார்கள். அதன்பிறகுதான் பென்சிலை எடுத்து முதல் நோட்டிலிருந்து ஆரம்பித்தார். வட்டமில்லாத ஒவ்வொரு ஈரத்துக்கும் ஒரு புள்ளி. அதே இருநூற்றுப் பதினேழு நாளில் பதினான்கு புள்ளி விழுந்தது. வார்டில் கட்டிலும் பதினான்கு. இரண்டுக்கும் சம்பந்தமில்லை, அவருக்குத் தெரியும், ஆனாலும் பதினான்கு என்று எங்கே கேட்டாலும் தொண்டையில் சாத்துக்குடி நாற்றம் வரும். பிறகு வருடம் கூடக் கூடப் புள்ளியும் கூடியது. ஒரு தூறலுக்கு அன்றைக்கும் அடுத்த இரண்டு நாளுமாகப் பாறைக்கு மூன்று நாள் ஈரம் என்று வைத்து ஒவ்வொரு வாரத்துக்கும் கணக்குப் போட்டு முடித்து, கடைசி நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தார். கேட்கத்தான் ஆளில்லை. வின்சென்ட் வந்து கேட்டிருந்தால், ஒரு கடுதாசி போட்டுத் திட்டியிருந்தால், இதுதான் சாக்கென்று அதைச் சொல்லியிருப்பார். அவன் திட்டவே இல்லை. ஆளை வேறு அனுப்புகிறான்.

எட்டு இருபத்தொன்பதுக்கு எழுந்தார். நேற்றிரவு கொஞ்சம் தூறியிருந்தது. கோழி ஏறாமலிருக்கக் கட்டிய கம்பி வலையை விலக்கி, மழைமானியைத் திறந்து, கிளாஸில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கினார். பூஜ்யம் புள்ளி நான்கு. எழுபத்தாறு வயதுக் கை, தண்ணீரின் மேல்விளிம்பு நடுங்கியது, நிற்கட்டும் என்று காத்திருந்தார். அந்த வழியாகப் பால் வண்டிக்காரர் போனார். “என்னுங் மாமா, மழைக்குக் கல்யாணமா, கிளாஸ் தூக்கறீங்க?” என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். ஆறுச்சாமியின் கை திருப்பி ஆட்டப் போனது. கட்டி வைத்த மாதிரி பிடித்துக்கொண்டார். உள்ளே போன் அடித்தது, தெய்வானை எடுத்து, “இருங்கம்மிணி, மழை இறக்கிட்டு இருக்கறாரு, வந்துட்டாரு” என்று வெளியே நீட்டினாள். வாங்கிக்கொண்டு மேசைக்குப் போய்க் கடைசி நோட்டின் பின்னட்டையைத் திறந்தார். எட்டு முப்பத்திரண்டு.

“ஐயா, வணக்கங்க, அபிநயா. பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டனுங்க. சேலத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் என்கிட்ட கணக்கு இல்லீங்க. அங்க இருக்கறவங்களைக் கேட்டுக்கோணும்.” வந்துவிட்டது, நினைத்த வாக்கியம் நினைத்த இடத்தில் வந்துவிட்டது.

“சரிங்க. ஒரு நிமிசம், ஸ்பீக்கர்ல போடறேன், எல்லாரும் இங்கதான் இருக்கறோம்.” சட்டென்று போனுக்குள் ஒரு கூடம் திறந்துகொண்டது, நாற்காலி இழுபடுகிற சத்தம், யாரோ கொறிக்கிற சத்தம், ஒன்பது பேர். நோட்டின் பின்னட்டையில் எழுத்துகள் கலங்கின. அவர் வாயைத் திறக்கும் முன் அவளே பேச ஆரம்பித்தாள். “ஐயா, உங்ககிட்ட பேசறதே எங்களுக்குப் பெரிய விசயங்க. குரூப்புல யாரு சேர்ந்தாலும் மொத நாளே வின்சென்ட் அண்ணா உங்க கதையத்தான் சொல்லுவாரு. ‘மழையளக்கறவரு கிளாஸைத் தூக்கிக் காட்டினாரு, உள்ள தண்ணி இருந்துச்சு, நான் பாத்தேன், பாத்துட்டும் ஜீப்பை நிறுத்தல. தப்பு என்னுது’ம்பாரு. எங்கள்ல யாராச்சும் அவசரப்பட்டா, ‘டேய், கிளாஸைப் பாருடா’ம்போம். அதுவே எங்க குரூப்புல ஒரு பேச்சாப் போச்சுங்க.” பின்னால் ஒரு பையன், “என்னையத்தான் தெனம் சொல்றாங்க ஐயா” என்றான், எல்லாரும் சிரித்தார்கள்.

ஆறுச்சாமி உட்கார்ந்தார். இருபது வருடமாக அந்தக் கையை வளைத்து வளைத்துக் காட்டுகிற கையாக்கப் பார்த்தும் முடியவில்லை, இங்கே ஒருவன் நொண்டிக் காலை வைத்துக்கொண்டு அதைச் செய்து முடித்து, ஊருக்கெல்லாம் சொல்லி, பழக்கப் பேச்சாகவும் ஆக்கிவிட்டான். அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. சும்மா இருந்தால் போதும். சும்மா இருப்பதுதான் அவருக்கு நன்றாக வருமே. ஒரு ‘ம்’ போட்டால் அந்தக் கை நேராகிவிடும், சிந்திய தண்ணீர் கிளாஸுக்குள் திரும்பப் போய்விடும். தெய்வானை கதவோரம் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு ஈரமாக இருப்பது போலிருந்தது, துடைத்துப் பார்த்தார், காய்ந்துதான் இருந்தது.

“காட்டலீங்க” என்றார்.

“என்னங்கய்யா? சரியாக் கேக்கல.”

“நான் காட்டலீங்க. அவரு கையாட்டினாரு, நானும் ஆட்டினேன். கையில கிளாஸ் இருந்துச்சு. தண்ணி இருந்தது எனக்குத் தெரியும். வாயத் தொறந்து சொல்லல. அவ்வளவுதானுங்க.”

கொறிக்கிற சத்தம் நின்றது. இந்த மாதிரி அமைதியில் அவர் எப்போதும் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார், நகர இடமில்லை. “இதை அண்ணாகிட்ட என்னன்னு சொல்றதுங்க?” என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இப்படியேதான். இப்ப எழுதிக்குங்க. ஜனவரி இருபத்தொண்ணுல இருந்து இருபத்தேழு. முந்நூத்தி அம்பத்தேழு நாள்ல மழை நாள் ஒண்ணு. தூறல் நாள் இருபத்திரெண்டு. அது வேற கணக்கு, ரெண்டையும் எழுதோணும். பாறை ஈரமா இருந்திருக்கற நாள் அம்பத்தொண்ணு. ஏழுல ஒண்ணு. பிப்ரவரி எட்டுல இருந்து பதினாலுன்னா ஈரம் இருபத்தொண்ணுதான், பதினேழுல ஒண்ணு. பதினஞ்சுக்கு மேல காட்டிலாகா விடாது, தேனீயும் வந்துரும்.”

“லீவு போயிருமேங்க...” என்றது பையன் குரல். “கிளாஸைப் பாருடா” என்று யாரோ அடக்கினார்கள், இந்தத் தரம் சிரிப்பு வரவில்லை. பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. “பிப்ரவரியே வர்றோங்கய்யா” என்றாள் அபிநயா. “அண்ணாவும் வருவாரு. அவரால ஏற முடியாது, கீழ சேர் போட்டு உக்காந்துட்டுப் பாப்பேன்னாரு.”

ஆறுச்சாமி நோட்டை மூடினார். இன்றைய பூஜ்யம் புள்ளி நான்கை இன்னும் எழுதவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஐம்பத்தொரு வருடத்தில் எட்டரை தாண்டி எழுதாமலிருந்த முதல் நாள்.

“அணை ரோட்டுலதான வருவீங்க? என் வீடு ரோட்டை ஒட்டித்தான். காலைல எட்டரைக்கு வேலியோரம் நின்னுட்டிருப்பேன். வண்டிய நிறுத்தச் சொல்லுங்க.”

“கண்டிப்பா நிறுத்தறோங்கய்யா.”

“நிறுத்திட்டு இஞ்சினையும் அணைச்சுருங்க” என்றார். “எனக்குச் சத்தமாப் பேச வராது.”